“வஞ்சிரம் இல்ல ஆத்தா... நகரை இருக்கு!” - தனுஷ்கோடி கீற்றுக் கொட்டகையில் ஒரு மீன் சாப்பாடு

ராமேஸ்வரம் போகிறேன் என்று லீவு கேட்டதும் ஆபீஸில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசினார்கள். சீனியர் ஒருவர், “தீர்த்தம் கொண்டு வாம்மா” என்றார். பக்கத்து சீட் நண்பன், “மீன் எந்தக் கடையில சாப்பிடப்போற?” என்றான். ஒரே தீவைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசினார்கள்.

பாம்பன் தீவு அப்படிப்பட்ட இடம். கோயிலைச் சுற்றி இட்லியும் பொங்கலும் மணக்கும் சைவ ஓட்டல்கள். அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் மீன் பொரியும் வாசனை. பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், தனுஷ்கோடி என்று நீளும் இந்தத் தீவில் கடல் தெரியாத தெருவே குறைவு. அப்படிப்பட்ட ஊரில் நல்ல மீன் கிடைக்காமலா போகும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை ஏமாந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அந்தக் கதைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை.

எங்களுக்கு ஊர் ராணிப்பேட்டை மாவட்டம் காவேரிப்பாக்கம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. எங்களுக்கு அது ஏரி. பல்லவர் காலத்து ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. பாலாற்றுத் தண்ணீர் வாலாஜா அணைக்கட்டிலிருந்து கால்வாயில் வந்து நிறையும். நிறைந்தால் எதிர்க்கரை தெரியாது. சின்ன வயதில் அதைத்தான் கடல் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தாத்தா (அம்மாவின் அப்பா) ஏரி மீன் பைத்தியம். விடியற்காலையில் மதகுப் பக்கம் போய் நின்று, வலையிலிருந்து இறங்குகிற கெண்டையையும் கெளுத்தியையும் கையோடு வாங்கி வருவார். விரால் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் திருவிழா. பாட்டி மண் சட்டியில் குழம்பு வைத்து, அதை அன்றைக்கே தொடவிடாமல் மூடி வைப்பார். மறுநாள் காலையில் கேழ்வரகுக் களியோடுதான் சாப்பிட வேண்டும். வேலூர் மீன் மார்க்கெட்டுக்குக் கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் லாரியில் வருகிற கடல் மீனை தாத்தா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். “அது ஐஸ் பொட்டிலயே பாதி ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்த மீனு” என்பார்.

போன வருஷம் தாத்தா போய்விட்டார். அதிலிருந்து பாட்டி மீன் சாப்பிடுவதில்லை. யாரும் சொல்லவில்லை, அவரே விட்டுவிட்டார். வருஷம் திரும்பியதும் ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மாமாவுக்கு ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வேலை. மே மாதத்தில்தான் லீவு கிடைத்தது. மாமா, அம்மா, பாட்டி, தம்பி, நான் என்று ஐந்து பேரும் காட்பாடியில் ரயில் ஏறினோம்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, 2 வருஷத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே வரவில்லை. மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம், கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். 1914-ல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே நின்றது. ரயில் பாலத்தில் ஏறியதும் பாட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “இன்னாடி இது, நம்ம ஏரி கணக்காதான் இருக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்தார்.

மே மாதம் ஏமாந்த கதை

டிப்ளமோ முடித்த கையோடு தோழிகளுடன் இதே தீவுக்கு வந்திருக்கிறேன். அதுவும் ஒரு மே மாதம்தான். மெயின் ரோட்டில் பெரிய கடை. பெயர் வேண்டாம். வாசலில் மீன் படம் போட்ட போர்டு. “வஞ்சிரம் ஃப்ரை நாலு” என்று கெத்தாக ஆர்டர் கொடுத்தோம். வந்தது. மேலே மசாலா சூப்பர். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, எந்த ருசியும் இல்லாத ஒரு துண்டு. ஃப்ரிட்ஜில் வைத்த பனீர் மாதிரி இருந்தது. கடல் 200 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது இப்படியா என்று தோழி ஒருத்தி நொந்துகொண்டாள். பில்லைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து நொந்துகொண்டோம்.

தப்பு கடைக்காரர் மேல் மட்டும் இல்லை என்பது பிறகு ராமேஸ்வரம் மீன்பிடித் தடைக்காலச் செய்தி ஒன்றை டைப் செய்யும்போதுதான் உறைத்தது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்ததை 61 ஆக்கினார்கள். இந்த இரண்டு மாதமும் ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். மீன் இறங்காது.

நமக்கு ஸ்கூல் லீவு எப்போது? அதே ஏப்ரல் கடைசி, மே மாதம். தீவுக்குக் கூட்டம் அள்ளுகிற நேரமும் கடல் மீன் குறைகிற நேரமும் ஒன்று. வந்த எல்லோரும் கேட்பதும் ஒரே மீன், வஞ்சிரம். அப்புறம் அது எங்கிருந்து வரும்? மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன், ஜூலையில்தான். அதனால் மே மாதத்தில் கேரளா பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி வரலாம். இல்லாவிட்டால் தடைக்கு முன்னால் பிடித்து ஃப்ரீசரில் வைத்ததாக இருக்கலாம். ராமேஸ்வரம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து வேறு எங்கேயோ பிடித்த மீனைச் சாப்பிடுவதற்குப் பெயர்தான் டூரிஸ்ட் சாப்பாடு.

தாத்தா சொன்ன ‘ஊரைச் சுத்திப் பாத்த மீனு’ அன்றைக்கு என் தட்டிலேயே இருந்திருக்கிறது.

சரி, தடைக்காலம் இல்லாத மாதங்களில்? அப்போதும் தினமும் ஒரே மாதிரி மீன் இறங்குவதில்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. இரண்டு தரப்புக்கும் சண்டை வராமல் இருக்கப் பல வருஷங்களுக்கு முன்னால் செய்துகொண்ட ஏற்பாடு இது. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரை திரும்பும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகம் களைகட்டும். ஞாயிறு மதியம் தீவில் சாப்பிடுகிறவருக்கும் திங்கள் மதியம் சாப்பிடுகிறவருக்கும் தட்டில் வித்தியாசம் இருக்கும். நடுவில் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. இதெல்லாம் நமக்கு டி.வி-யில் ஓடும் செய்தி. சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அன்றைய மெனு.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய இறால், பெரிய நண்டு இதெல்லாம் பெரும்பாலும் தீவில் தங்குவதே இல்லை. பாக் நீரிணையின் ஓலைக்கால் நண்டுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கரைக்கு வந்த கையோடு கம்பெனிக்குப் போய்விடும். அங்கே சதையை எடுத்துப் பதப்படுத்திக் கப்பலேற்றுவார்கள். தீவுக்காரர்கள் வீட்டில் கொதிப்பது நகரை, காரல், சூடை, முரல். நாம் பெயர்கூடக் கேள்விப்படாத மீன்கள். ருசி அதில்தான் இருக்கிறது!

கடல் இரண்டு, ரோடு ஒன்று

முதல் நாள் அக்னி தீர்த்தத்தில் திதி. மாமாதான் கொடுத்தார். பிறகு 22 தீர்த்தமும் ஆடி, ஈரப் புடவையோடு தரிசனம் முடித்தார் பாட்டி. அன்றைக்கு முழுக்கச் சைவம். அதில் பேச்சே கிடையாது.

இரண்டாம் நாள் காலையில் தம்பிதான் ஆரம்பித்தான். “தனுஷ்கோடி போலாம். அங்க மீன் செமயா இருக்குமாம்.”

“கோயிலுக்கு வந்த ஊர்ல மீனு துன்றதா?” என்றார் பாட்டி.

“திதி நேத்தே முடிஞ்சிருச்சிம்மா. புள்ளைங்க சாப்பிடட்டும்” என்றார் மாமா. புள்ளைங்க என்று அவர் சொன்னதில் அவரும் சேர்த்தி.

“நீங்க துன்னுங்க. நான் கடலப் பாக்க வர்றேன்” என்று முடித்துவிட்டார் பாட்டி.

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு பஸ்ஸே போகிறது. ஊரைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அப்புறம் மணல், அப்புறம் இரண்டு பக்கமும் தண்ணீர். ரோடு மட்டும் நடுவில் கோடு போட்ட மாதிரி. 2017-ல் இந்த ரோடு அரிச்சல்முனை வரை திறக்கப்படுவதற்கு முன்னால், மணலில் தூக்கித் தூக்கிப் போடும் வேன்களில்தான் போக முடியும். இப்போது காரிலேயே முனைக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

இடது கைப் பக்கம் பாக் நீரிணை, அலையே இல்லாமல் குளம் மாதிரி. வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா, ஆக்ரோஷமான அலை. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் இங்கே சொல்கிறார்கள். (எந்தக் கடலில் ஆபத்து அதிகம் என்று தம்பி கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை.) வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்குக் கடல் கலங்கும், அப்போது தெற்கே வலை போடுவார்கள். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் தெற்கு அடிக்கும், வடக்கே போவார்கள். ஒரு நிலத்துண்டுக்கு இரண்டு கடல் இருப்பதில் இந்த ஒரு வசதி.

இடிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன் சுவர்கள் தெரிந்தன. ஒரு காலத்தில் சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்து, இங்கே ரயிலிலிருந்து இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பு போயிருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் எல்லாம் போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. அதன்பிறகு மனிதர்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது.

ஆனால், மீன் இருக்கும் இடத்தை மீனவர்கள் எப்படி விடுவார்கள்? திரும்பி வந்து குடிசை போட்டார்கள். இன்றைக்கும் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. மின் கம்பம் கிடையாது, சில குடிசைகளில் சோலார் தகடு தெரிகிறது. ரோடு வந்ததும், ஆண்கள் பிடித்த மீனைப் பெண்கள் ரோட்டோரம் பொரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவைதான் இந்தக் கீற்றுக் கொட்டகைகள். நான்கு சவுக்குக் கம்பு, மேலே பனை ஓலை, கீழே மணல், இரண்டு பிளாஸ்டிக் டேபிள்.

“செவுளப் பாத்துட்டுச் சொல்லு”

நாங்கள் நுழைந்த கொட்டகைக்குப் பெயர்ப்பலகை இல்லை. முன்னால் ஒரு அலுமினியத் தட்டில் மீன்களுக்கு மசாலா தடவி, அதன் மேல் வெங்காயமும் எலுமிச்சையும் வைத்திருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு நண்டு.

“அக்கா, வஞ்சிரம் இருக்கா?” தம்பிதான். எத்தனை சொல்லிக் கூட்டி வந்தாலும் வாயில் அதுதான் வருகிறது.

அந்த அக்கா இவனைப் பார்க்கவில்லை. வயதில் பெரியவர் என்று பாட்டியைப் பார்த்துச் சொன்னார்: “வஞ்சிரம் இல்ல ஆத்தா. நகரை இருக்கு. முரல் இருக்கு. காலைல கரைவலைல வந்தது. விளமீன் ஒண்ணே ஒண்ணு கெடக்கு.”

நகரை என்பது விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை இருக்கிற சிவப்பு மீன், தாடையில் இரண்டு மீசை. சென்னையில் நவரை என்று விற்கிறார்கள். முரல் ஒல்லியாக, ஊசி மூக்கோடு இருக்கும். மீன் பெயர்கள் நம்மூரில் பெரிய குழப்பம் சாமி. சென்னையில் ஷீலா என்று கேட்டால் நீள மூக்கு ஊளி மீனைக் கொடுப்பார்கள். தென்கடற்கரை ஊர்கள் சிலவற்றில் சீலா என்றால் அது வஞ்சிரம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட ‘இன்னிக்கு என்ன வந்துச்சு?’ என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

மசாலா தடவாத மீனைக் காட்டச் சொன்னோம். ஓலைப் பெட்டியைத் திறந்தார். பாட்டி அதுவரை கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்துவிட்டார். “செவுளப் பாத்துட்டுச் சொல்லு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, எனக்காகக் காத்திருக்காமல் அவரே ஒரு நகரையை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. கண் பளபளவென்று மேலெழும்பி இருந்தது. வயிற்றை அமுக்கினார். மாமாவும் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, தொழிற்சாலையில் ஆட்டுத்தோலைச் சோதிக்கிற அதே முகத்தோடு, “ஃபர்ஸ்ட் குவாலிட்டி” என்றார். அமுக்கிய குழி உடனே நிமிர்ந்தால் புது மீன், அப்படியே பள்ளமாக நின்றால் பழசு. இதை நீங்களும் செய்யலாம், நல்ல கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மசாலாவில் குளித்த மீனைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

“ஏரி மீனு வாங்குன கை ஆத்தா இது, பாத்தாலே தெரியுது” என்றார் அந்த அக்கா. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. காவேரிப்பாக்கத்து ஏரி பற்றி அம்மா ஏற்கெனவே வாசலில் பெருமை பேசியிருக்க வாய்ப்பு அதிகம்.

விலையை முதலிலேயே கேட்டுவிட்டோம். இது முக்கியம். இந்தக் கடைகளில் மெனு கார்டு இருக்காது. மீனின் அளவைப் பார்த்து விலை. பொரித்த பிறகு கேட்டால் சங்கடம் இரண்டு பக்கமும்தான். எட்டு நகரை, நான்கு முரல், அந்த ஒற்றை விளமீன், சோறு, குழம்பு. ஐந்து பேருக்கும் சேர்த்து 900 ரூபாய் ஆனது. அன்றைக்கு, அந்தக் கடையில். நாளைக்கு வேறாக இருக்கும்.

அடுப்பு, சவுக்கு விறகு. இரும்புச் சட்டியில் எண்ணெய். மசாலாவில் பெரிய ரகசியம் இல்லை: மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை. ஆனால் மிளகாய் ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. உருண்டையாக இருக்கும். காரம் நாக்கில் சுரீரென்று ஏறாமல் மெதுவாக வந்து தங்கும். நகரை பொரிந்து வந்ததும் தோல் மொறுமொறுப்பு, உள்ளே சதை இலை இலையாகப் பிரிந்தது. மீனிலேயே ஓர் இனிப்பு. முரலில் நடுமுள் மட்டும் பெரிசு, அதை உருவிவிட்டால் மிச்சமெல்லாம் சதை. தம்பி வஞ்சிரத்தை மறந்துவிட்டான். நானும் அந்தப் பஞ்சுத் துண்டை மன்னித்துவிட்டேன்.

“ரெண்டும் இந்த ரெண்டு மாசந்தான்”

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அந்த அக்கா வந்து உட்கார்ந்தார். பத்திரிகை என்றதும், “பேரு, போட்டோல்லாம் வேண்டாம் தங்கச்சி” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சட்டப்படி யாரும் வாழக் கூடாத இடத்தில் வாழ்கிறவரிடம் அதைக் கேட்க என்ன இருக்கிறது?

“வருஷத்துல நல்லா வியாபாரம் ஆகுறது இந்த ரெண்டு மாசந்தான். மீன் கம்மியா இருக்குறதும் இந்த ரெண்டு மாசந்தான். பெரிய போட்டு எதுவும் போகாதுல்ல. எங்க வீட்டுக்காரர் வல்லத்துல போறாரு, கரைவலையும் இழுப்பாங்க. அதுல வர்றதத்தான் நான் பொரிக்கணும். கார்ல வர்றவுக எறங்காமலே ‘வஞ்சிரம் இருக்கா?’ம்பாக. இல்லைன்னா கண்ணாடிய ஏத்திட்டுப் போயிருவாக. போன வருஷம் நானும் ராமேஸ்வரத்துல ஐஸ் மீனு வாங்கியாந்து வச்சுப் பாத்தேன். ஒருத்தர் சாப்பிட்டுட்டு மூஞ்சியச் சுளிச்சாரு. அதோட விட்டுட்டேன்” என்றார்.

நண்டு ஏன் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று கேட்டேன். “நண்டு யாவாரிக்குப் போயிரும். வலை வாங்க அட்வான்ஸ் குடுத்திருக்காருல்ல. கால் ஒடிஞ்சது, சின்னது, அதுதான் நமக்கு” என்று சிரித்தார்.

தண்ணீர்? கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டினார். மணலில் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி. அடியில் தெளிந்த தண்ணீர் ஊறி நின்றது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அது நல்ல தண்ணீர்! மணலில் இறங்கிய மழைநீர், உப்பு நீரைவிட லேசானது என்பதால் அதன் மேலேயே மிதந்து தங்குகிறது. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். மேலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். எங்கள் கை கழுவ அவர் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீர் இப்படி வந்தது என்று தெரிந்ததும் அம்மா இரண்டாவது சொம்பு கேட்கவில்லை.

மாலை ஆனால் போலீஸ் வண்டிகளை வெளியே அனுப்பிவிடும். 6 மணிக்கு மேல் டூரிஸ்ட்களுக்கு இங்கே அனுமதி இல்லை. ஆக இவர்களுக்கு வியாபாரம் மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். மிச்ச மீனை வைக்க ஃப்ரிட்ஜ் கிடையாது. ஐஸ், ராமேஸ்வரத்திலிருந்து வர வேண்டும். விற்காதது வீட்டுக்குழம்பு, அதிலும் மிஞ்சினால் கருவாடு. இந்தக் கடைகளில் பழைய மீன் கிடைப்பது கஷ்டம் என்பதற்கு அவர்கள் நல்லவர்கள் என்பது மட்டும் காரணம் இல்லை, வைத்துக்கொள்ள வழி இல்லை என்பதும்தான்.

எல்லாக் கொட்டகையும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் காலையிலேயே பொரித்து அடுக்கிய மீனைத் திரும்பச் சூடுபடுத்திக் கொடுப்பதையும் பார்த்தோம். கண் முன்னால் அடுப்பில் ஏறுகிற மீனை மட்டும் வாங்குங்கள். தடைக்காலம் இல்லாத மாதத்தில் போனால் ஊசிக் கணவாய், களவா, பாறை என்று பட்டியல் நீளும். வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள். அந்தக் குழியைப் பார்த்த பிறகு அவர்களிடம் கேட்க மனசு வராது. சில்லறையும் வேண்டும், ஜிபே எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. எங்கள் போன்களில் ஒன்றில்கூட சிக்னல் ஒழுங்காக இல்லை. ஒன்று மட்டும் இலங்கை நேரம் காட்டியது. நல்லவேளை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்!

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பாட்டி கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கி வைத்திருந்த வாழைப்பழம் இரண்டு சாப்பிட்டார். அம்மா கேட்டார், மாமா கேட்டார், வேண்டாம் என்றார். அந்த அக்கா எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டில் சூடாகச் சோறு போட்டு, அப்பளம் ஒன்று வைத்து, பாட்டி முன்னால் கொண்டுபோய் வைத்தார். “மீனு வேண்டாம்னா பரவால்ல ஆத்தா. வெறும் வயித்தோட எங்க கொட்டாயிலருந்து போகக் கூடாது. மோர் ஊத்தவா?”

பாட்டி சோற்றைப் பார்த்தார். மீன் சட்டியைப் பார்த்தார். மண் சட்டி, விளிம்பில் எண்ணெய் மிதந்து கொண்டிருந்தது.

“கொழம்பு மட்டும் ஊத்து. மீனு போடாத” என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார், பேசாதே என்று. தம்பிக்கு ஒன்றும் புரியாமல் மொபைலை எடுத்து வீடியோ எடுக்கப் போனான். மாமா அதைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டார் பாட்டி. இரண்டாவது வாய். “புளி கம்மி” என்றார். தாத்தா எந்த வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டாலும் முதலில் சொல்வது அதுதான். பாட்டியின் குழம்பைத் தவிர.

“இங்க தேங்கா கூட ஆத்தா, அதான் புளி தெரியாது. நாளைக்கு இருந்து சாப்பிடுங்க, ஊறிப்போய் நல்லா இருக்கும்” என்றார் அந்த அக்கா.

“நாளைக்கு நாங்க ரயிலு ஏறிருவோம்மா” என்ற பாட்டி, அப்புறம் வெகு நேரம் அவரிடம் களிக்கும் மீன் குழம்புக்கும் என்ன பொருத்தம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் காரல் கருவாட்டில் சொதி வைப்பது எப்படி என்று இவருக்குச் சொன்னார். பஸ் ஹாரன் அடித்தது. கிளம்பும்போது காகிதத்தில் சுற்றிய நகரைக் கருவாடு ஒரு பொட்டலம் பாட்டியின் பையில் இருந்தது. காசு கொடுத்து வாங்கினாரா, அந்த அக்கா கொடுத்தாரா என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை.

திரும்பும்போது ரயில் பெட்டி முழுக்கக் கருவாட்டு வாசனை. எதிர் சீட்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பாட்டி பையை இன்னும் கொஞ்சம் கால் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.